பால் தந்தவர்கள் பெயர்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேறொன்றுமில்லை... தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தேன். ஆண் குழந்தை. இருவரும் சௌக்கியம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு காயல்பட்டினத்து முஸ்லிம் பெண். எட்டாம் மாதமே பிரசவம்; பிறந்தது கையளவுப் பெண் குழந்தை. தாய்க்குக் கடும் ஜுரம், பால் இல்லை. இந்த யுத்த காலத்தில் பால்மாவு டப்பாவுக்கு எங்கே போவது? பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. தாய்ப்பால் கிடைக்காவிட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் வார்டில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பெண்கள் மூன்று பேர். அவர்களில் வேம்பார் பிலோமினாள்தான் துடுக்கு. வெளிநாடுகளில் தாய்மார்கள் மிச்சப் பாலைக் கொடுத்து வைக்கிற ‘பால் பாங்கி’ உண்டென்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். இங்கே ஏன் முடியாது? கொதிநீரில் போட்டெடுத்த டம்ளரோடு கட்டில் கட்டிலாக வந்து நின்றாள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கொடுத்தேன். வேறு மூன்று தாய்மார்களும் கொடுத்தார்கள் - எல்லாம் ஒரே பாத்திரத்தில்.

சங்கில் ஊற்றி ஊட்டப் போனபோது, குழந்தையின் பெரியம்மா குறுக்கே கையை நீட்டினாள். யார் யார் பால் என்று கேட்டாள். சுத்தம் பார்த்த நர்ஸ் பெண்கள் பெயரைக் குறிக்கவில்லை!

எனக்குச் சுருக்கென்றது. உயிர் ஊசலாடும்போது ஜாதி மதமா? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாளே சொன்னாள்:

“யாரு குடுத்தாலும் சந்தோசந்தாம்மா. ஆனா பால் குடுத்தவ இவளுக்கு உம்மா. அவ பிள்ளைய எல்லாம் இவளுக்குக் கூடப்பொறந்தவுக. பேரு தெரியாமப் போனா, நாளைக்கு அண்ணனுக்கும் தங்கச்சிக்குமே கலியாணம் பேசிருவோமே.”

உம்மா என்றால் அம்மா; பால் கொடுத்தவளும் தாய் என்பது அவர்கள் மார்க்கத்தில் விதி. நான் நினைத்ததை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

பிலோமினாள் வாதாடவில்லை. மூன்று பெயர் உடனே கிடைத்துவிட்டது. நான்காமவள் யாரையோ பார்க்க வந்த கைப்பிள்ளைக்காரி. அப்போதுதான் வெளியே போயிருந்தாள். படிக்கிற நர்ஸ்கள் வராந்தாவில் ஓடினால் தண்டனை உண்டு. பிலோமினாள் ஓடினாள்... தெருவரைக்கும்! இங்கே குழந்தையின் அழுகை தேய்ந்துகொண்டே வந்தது. பெரியம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள் பிலோமினாள். உள்ளங்கையில் மையால் பெயர் எழுதியிருந்தது.

“மாப்பிள்ளையூரணிக்காரி, பெரியம்மா. புருசன் பேரச் சொல்ல மாட்டேன்னுட்டா. வண்டிக்கார அண்ணாச்சிட்ட கேட்டு எழுதிட்டு வாரேன்.”

பெரியம்மா பிஸ்மில்லா சொல்லிச் சங்கைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

இப்போது அந்த வார்டில் டம்ளருக்கு முன்னால் நோட்டுப் புத்தகம் வருகிறது: பால் தந்தவள் பெயர், வீட்டுக்காரர் பெயர், ஊர், எந்தக் குழந்தைக்கு... வெளிநாட்டுப் பாங்கிகளில் இப்படி எழுதுகிறார்களா? எனக்குத் தெரியாது. தவறு செய்த அன்றைக்கே எங்கள் பெண்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

காயல்பட்டினத்துக்குப் புறப்பட்ட அன்று அந்தப் பெரியம்மா என் மகனைத் தூக்கி, குழந்தையிடம் காட்டி, “இந்தா பாரு, ஒங் காக்கா” என்றாள். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.

ஆகவே, வாழ்த்துக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை - தூத்துக்குடியில் இருக்கிற என் மகனுக்கு எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். காயல்பட்டினத்தில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.