கம்ப்யூட்டருக்குப் பெரியவர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துவிட்டது என்று சின்ன மாமா சொன்னபோது, அதன் மேல் போட்டிருந்த பூப்போட்ட துணியை நான் இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டேன். பனி பட்டதுதான் காரணம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அது. அப்பா வேலை பார்த்த நூல் மில்லின் ஆபீசில் புதிது வந்ததும் பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கொண்டுவந்தாரே தவிர, தொடமாட்டார். தொட்டவர் அத்தைதான்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். சிவகாசி மாமா வீட்டிலிருந்து பெரிய லீவுக்கு வந்தவர், பள்ளிக்கூடம் திறந்து நான் அடுத்த வகுப்புக்குப் போன பிறகும் எங்களோடுதான் இருந்தார். மாமாவுக்கு வெளியூரில் வேலை என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்குத் தலை பின்னிவிட ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்ததால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலின் குமாஸ்தா, மனு டைப் செய்யும் வேலையை முதல் தடவையாக அத்தைக்குத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். நன்றாக வந்தால் தொடர்ந்து தருவேன், இல்லையென்றால் கோர்ட்டு வாசலிலேயே ஆள் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் வைரஸ் வந்தது.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஒரு சிடி கொண்டுவந்தார். பெரிய ஆபீஸ்களுக்கான பாதுகாப்பு சாஃப்ட்வேராம். ஒரு மாதம் சும்மா போட்டுப் பார்க்கலாமாம். ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் தலைமையாக இருந்து மற்றவற்றையெல்லாம் காவல் காக்கும் என்றார். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒன்றுதான். அது தன்னைத்தானே காத்துக்கொள்ளட்டும் என்று போட ஆரம்பித்தார்.

பாதியில் திரை ஒரு கேள்வி கேட்டு நின்றது. அட்மினிஸ்ட்ரேட்டர் யார் என்று. மாமா அதைத் தமிழில் சொன்னார்:

"வீட்டுக்குப் பெரியவர் யாருன்னு கேக்குது."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, அவிய வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்பா மில்லிலிருந்து வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தார். இனிஷியலோடு அவர் பெயரை மாமா அடித்தார். பாஸ்வேர்டை மட்டும் அவரேதான் அடிக்க வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது என்றதும் நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

மாமா வேலை முடிந்தது என்று போய்விட்டார். அத்தை அப்படி விடவில்லை. அதனுள் இருந்த ஆங்கிலக் குறிப்புகளை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். பிறகு மாமாவிடம் வைரஸ் பிடித்த பிளாப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, வேண்டுமென்றே உள்ளே போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் மணி அடித்து, அந்த ஃபைலைக் குவாரண்டைனில் வைத்துவிட்டதாகச் சொன்னது. எனக்குப் புரியவில்லை.

"அம்மை போட்ட பிள்ளைய வீட்டுக்குள்ளயே தனியாப் படுக்க வைக்கோம்லா, அதுதான்" என்றார் அத்தை. "வெளிய தள்ளிறல."

வீட்டில் வேறு யாரும் திருடனை உள்ளே விட்டுக் காவல்காரனைச் சோதித்துப் பார்த்ததில்லை. நான் அன்றிலிருந்து அத்தை பின்னாலேயே திரிந்தேன்.

மனுவை வாங்கிப்போகக் குமாஸ்தா வந்த சாயங்காலம் வினை வந்தது. வக்கீல் ஆபீசில் பிரிண்ட் எடுக்க, மனுவை ஏற்றிப்போவதற்காக அவர் கொண்டுவந்த பிளாப்பியில் வைரஸ் இருந்தது. அதைப் போட்டதும் மணி அடித்தது. அது மனுவையும் தொட்டுவிட்டதாம். அத்தை டைப் செய்து வைத்திருந்த மனு முழுவதையும் கம்ப்யூட்டர் எடுத்துத் தனியே பூட்டிக்கொண்டது. விடிந்தால் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய மனு. குமாஸ்தா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இதுக்குத்தான் நான் டைப் மிஷின்லயே அடிச்சிருவோம்னேன்."

அன்று வீட்டிலிருந்த சின்ன மாமா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்றார். அத்தை அவர் கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். ஃபைல் சாகவில்லை, சுத்தம் பண்ணித் திருப்பித் தரும், பாஸ்வேர்டு மட்டும் வேண்டும் என்றார். பாஸ்வேர்டோ மில்லில் இருந்தது.

நானும் அத்தையும் மில் கேட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். தலையெல்லாம் பஞ்சோடு அப்பா வெளியே வந்தார். அத்தை பாஸ்வேர்டைக் கேட்டார். அப்பா வாட்ச்மேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அத வாயால சொல்ல முடியாது. நானே வாரேன்."

சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு, என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அத்தை பின்னால் வந்து சேர்ந்தார். அப்பா தோளில் கிடந்த துண்டால் கீபோர்டை மூடிக்கொண்டு அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் தப்பு. இன்னொரு தடவை தப்பினால் பூட்டிக்கொள்ளும் என்று அத்தை படித்து வைத்திருந்ததைச் சொன்னார். குமாஸ்தா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து நின்றார்.

அப்பா துண்டை எடுத்தார். யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"ஏட்டி, ஒம்பேர இங்கிலீஷ்ல எப்படி எழுதுவ? நடுவுல கே எஸ் ஹெச்சா, டி சி ஹெச்சா?"

அப்பா பாஸ்வேர்டை மறந்துவிட்டு வேறு பேச்சுப் பேசுகிறார் என்று நினைத்தேன். அத்தை அவர் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்தார்.

"சர்டிபிகேட்ல டி சி ஹெச்தாண்ணே."

அப்பா அடித்தார். திறந்தது. அத்தை மனுவைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்து, புதுப் பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தார். குமாஸ்தாவின் பழைய பிளாப்பியையும் சுத்தம் செய்து, இனி இதை வேறு இடங்களில் போட்டு எடுத்தால், மறுபடி எங்களிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்றார். குமாஸ்தா இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை அடுத்த மனுக்கட்டோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "இதுக்கு நீயே பெரியவளா இருந்துக்கோ. ஒவ்வொரு தடவையும் ஷிப்ட விட்டுட்டு வர முடியாது" என்றார்.

அத்தை உட்கார்ந்து அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை அடித்தார். நான் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தேன். வகுப்பில் ஆங்கிலத்துக்கு நான்தான் முதல்.

"அத்தை, தப்பு. அப்பா இனிஷியல அழிக்காம விட்டுட்டீங்க. சிவகாசி மாமா இனிஷியல்லா போடணும்?"

சின்ன மாமா சிடியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா சைக்கிள் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி அத்தை பட்டனை அழுத்தினார். அம்மா வந்து அவர் தோளில் கை வைத்து நின்றாள்.

இவ்வளவு பேர் இருக்கிற வீட்டில் பிழையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் நான். அப்படியும் யாரும் என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று அன்று சாப்பிட உட்காரும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.