எலுமிச்சைக்குப் போட்ட கவாத்து

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சுடலைமுத்து, ஊரிலிருந்து வந்த தன் மைத்துனரை எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அழைத்து வந்தார். எலுமிச்சை மரத்தில் மஞ்சளாகத் தொங்கிய இரண்டு பழங்களைக் காட்டினார்.

"அஞ்சு வருசமா காய்க்கலை மாப்ளே. நான் ஒரு கவாத்து போட்டேன். இப்பம் பாத்தியா?"

மைத்துனர் வியந்து நின்றார். என் மனைவி சரசு அடுக்களை ஜன்னலில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடந்ததை உங்களிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். சுடலைமுத்து அங்கேயே ஃபீல்டு சூப்பர்வைசர். எங்கள் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் ரேடியோ போட்டால் நாங்கள் கேட்போம். நாங்கள் சண்டை போட்டால் அவர் கேட்பார்.

சரசு கீழே சமவெளியில் வடகரப்பதிக்காரி. வெயிலும் கடலைக்காடுமாக வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது, பிறந்த வீட்டுக் கிணற்றடியில் முளைத்த எலுமிச்சைக் கன்றை ஒரு பால்பவுடர் டின்னில் வைத்து, மடியிலேயே சுமந்துகொண்டு மூன்று பஸ் மாறி வந்தாள். மற்ற பெண்கள் மடியில் நகைப்பெட்டி இருக்கும்... என்ன செய்ய?

கன்றை நட்டது சுலபம். காப்பாற்றியதுதான் பெரும்பாடு. இங்கே மழை பிடித்தால் வேரில் தண்ணீர் தேங்கி அழுகிவிடும். அதனால் சுற்றிலும் மண்ணை மேடாக்கி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டினோம். அடுப்புச் சாம்பல் போட்டோம். தளிரைத் தின்னும் புழுக்களைச் சரசு தினமும் கையால் பொறுக்கினாள். மரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. பூக்கத்தான் இல்லை.

"ஏனுங்க, இந்தக் குளிருக்குள்ள மரமே காய்க்க மாட்டீங்குது. மனுசன் எப்புடிங்க இருக்கறது?" என்பாள்.

அந்த நேரம் பார்த்து மாமனார் ஓர் இன்லண்ட் லெட்டர் போட்டார். கோயமுத்தூரில் ஒரு மில்லில் எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். சித்திரைக்குள் வந்து சேர வேண்டுமாம். எனக்கோ இந்த மலையை விட மனமில்லை. மாமனார் வாங்கித் தந்த நாற்காலியில் காலமெல்லாம் உட்காரவும் மனமில்லை. சரசு தீர்ப்புச் சொன்னாள்:

"சித்திரைக்குள்ள இந்த மரம் காய் புடிச்சா இங்கயே இருந்துக்கறனுங்க. இல்லீனா ஊருக்குப் போயரலாமுங்க."

தையில் மரம் நிறைய மொட்டு வைத்தது. நான் அந்த மரத்தைக் கும்பிடாத குறை.

அப்போதுதான் சரசுவின் தங்கைக்குக் கல்யாணம். எட்டு நாள் லீவ். சாவியையும் மரத்தையும் சுடலைமுத்துவிடம் ஒப்படைத்தோம்.

"கவலைப்படாம போய்ட்டு வாங்க சார். எம் பிள்ளை மாதிரி பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது மரம் இடுப்பளவு இருந்தது. மேலே மேஜை போல மட்டம்.

தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இப்படித்தான் ஒட்ட வெட்டிவிடுவார்கள். அதுதான் கவாத்து. இருபது வருடமாக அவர் செய்வதும் செய்விப்பதும் அதைத்தான். எந்தச் செடியைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும் போல.

"நெட்டையா வளந்து கெடந்துச்சு சார். காத்தடிச்சா சாஞ்சிரும்லா? அதான் நானே நின்னு வெட்டினேன். ரெண்டே மாசம்... கொழுந்து எப்படி அடிக்குன்னு பாருங்க!"

சரசு அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, கொழுந்த வெச்சு நான் என்ன டீயா போடறது?"

அவ்வளவுதான். உள்ளே போய் அழுதாள். சுடலைமுத்துவின் முகம் செத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசுவதையே விட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், அந்த மனிதர் சாணிச் சட்டியோடு மரத்தடியில் நிற்கிறார். வெட்டுவாயில் ஒவ்வொன்றாகச் சாணி பூசினார். மழை வந்தால் குடையை மரத்துக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தார். தினமும் வந்தார்.

கவாத்தில் ஒரு வழக்கம் உண்டு. செடி பட்டுப்போகாமல் இருக்க, ஒரு பக்கக் கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள். எங்கள் மரத்திலும் பழக்கதோஷத்தில் ஒரு கிளையை விட்டிருந்தார். அதில் ஏழெட்டு மொட்டு இருந்தது. முக்கால்வாசி உதிர்ந்தது. பங்குனி கடைசியில் இரண்டு பிஞ்சு நின்றது.

நான் கூத்தாடினேன். "சரசு, காய் பிடிச்சாச்சு. உங்கப்பாவுக்கு லெட்டர் போட்டுடறேன்!"

அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து ஒரு லெட்டரை எடுத்துத் தந்தாள். அவளுக்கு மாமனார் எழுதிய பதில். 'நீ வரவில்லை என்று எழுதிவிட்டதால் மில்லில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்' என்று இருந்தது. போஸ்ட் ஆபீஸ் முத்திரையைப் பார்த்தேன். மாசி மாதத்து லெட்டர். பிஞ்சு விடுவதற்கு ஒரு மாதம் முந்தியது.

"அப்பவே எழுதிப் போட்டயா? ஏன்?"

"அந்தண்ணன் மரத்துக்குக் குடை புடிச்சுட்டு நனைஞ்சாருங்களே... அன்னைக்கேதானுங்க. இப்புடி மனுசரு இருக்கற ஊர உட்டுப்போட்டு எங்கீங்க போறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க அவருகிட்டப் பேசாம இருந்தீங்களே. அதான் ஊருக்குப் போகோணுமோன்னு நீங்க கொஞ்ச நாளைக்குப் பயந்துட்டே இருக்கட்டும்னு உட்டுட்டனுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் காபி குடித்தேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் மைத்துனரிடம் அளந்ததை நான் மறுக்கவில்லை. கவாத்தால்தான் காய்த்தது என்று அவர் நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும். முதல் பழத்தைச் சரசு அவர் கையில்தான் கொடுத்தாள்.

போகும்போது எங்கள் கொய்யா மரத்தை மேலும் கீழும் பார்த்து, "இதும் நெட்டையாத்தான் போகுது சார்" என்றார்.

வரும் தையில் நாங்கள் எங்கும் போவதாக இல்லை.