காணும் பொங்கலுக்கு ஒரே ஒரு பேட்டரி

மைக் செட்டுக்காரன் குரல் ஊருக்கே கேட்கும், அவன் பேச்சை மட்டும் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். என்னைப் போல் தொண்டை கிழியக் கத்திப் பிழைத்தவர்களுக்கு இது புரியும்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்துக்கு வெளியே ஏரிக்கரைப் பூங்காவில் காணும் பொங்கல் கூட்டத்துக்கு என்னை அமர்த்தியிருந்தார்கள். அங்கே கரண்டு கிடையாது. கையில் ஒரே ஒரு பேட்டரி. புள்ளை தொலைந்தால் மட்டும்தான் மைக்கைத் தொட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

மானும் பாட்டும்

தைப் பனி விலகுவதற்குள் மான் கூண்டைச் சுற்றிக் கூட்டம். கட்டுச்சோற்றோடு வந்த, எங்கள் ஊர் செராமிக் ஆலையில் ஜாடி செய்யும் தொழிலாளி ஒருவர் பாட்டுப் போடச் சொன்னார். பேட்டரி தாங்காது என்றேன். அவர் பின்னால் இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் ஒண்டியாள், என்ன செய்வேன்? ரெக்கார்டை வைத்தேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நிறுத்த விடவில்லை. அந்த மனுஷன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது:

"பாட்டு இல்லாம வெறும் மானை எவ்ளோ நேரம்தாங்க பாக்கறது?"

ஊறுகாய் ஜாடி

மத்தியானம் ஒருவர் மனைவியோடு வந்து, ஊறுகாய் ஜாடியை யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள் என்றார். "வெள்ளை உடம்பு, பழுப்புக் கழுத்து. மாத்தி எடுத்தவங்க கொண்டாங்க" என்று அறிவித்தேன். புத்தி கெட்டவன் நான். செராமிக் ஊரில் எல்லார் வீட்டிலும் அதே ஜாடிதானே! தன்னுடையதா, பிறத்தியாருடையதா என்று சந்தேகப்பட்டுப் பதினோரு பேர் ஜாடியோடு வந்து நின்றார்கள். அவர் இலைத்துண்டில் ஒவ்வொன்றாக வாங்கி நக்கிப் பார்த்தார். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"இதுல எதுவும் எங்க வூட்டுது இல்லீங்க. எல்லாத்துலயும் உப்பு சரியா இருக்குது."

ரெண்டு வண்டி

பொழுது சாயக் கூட்டம் கலைந்தது. பாட்டுக் குழாய் கட்டிய மரத்தடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. பேர் செல்வி, ஊர் கம்மாபுரமாம். அப்பா வந்தது ஒரு மாட்டு வண்டியில், அம்மா வந்தது இன்னொரு மாட்டு வண்டியிலாம். மைக்கை எடுத்து ரெண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை குரல் இழுத்துக்கொண்டே போய் அடங்கிவிட்டது. பேட்டரி தீர்ந்துபோச்சு.

பக்கத்திலேயே தளும்பத் தளும்ப ஏரி, இருட்டிக்கொண்டு வருகிறது, கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. மானுக்குப் பாட்டுப் போட்ட கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் நடந்தபடி வெறும் தொண்டையிலேயே கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவும் அம்மாவும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். புள்ளை அந்த வண்டியில் இருக்கிறது என்று இந்த வண்டியும், இந்த வண்டியில் இருக்கிறது என்று அந்த வண்டியும் நினைத்துக்கொண்டு கிளம்பியிருக்கின்றன. ரயில்வே கேட்டு மூடி ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. கேட்டு மூடியவன் நல்லா இருக்கணும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டு அழுதேன்.

"வண்டி பூட்டினப்ப எங்கடி போயிருந்த?" என்று அம்மா கேட்டாள். செல்வி நிதானமாகச் சொன்னாள்:

"இங்கியேதான் இருந்தேன். வூட்டுக்குப் போனா பாட்டு இருக்காதே."

அடுத்த வருஷத்திலிருந்து ரெண்டு பேட்டரி எடுத்துப் போனேன்: ஒன்று புள்ளைகளைத் தொலைக்க, இன்னொன்று கண்டுபிடிக்க.