கடைசிப் படகில் ஆள் சரி

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. மிக்சி, மின்விசிறி பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் நான். கதை கட்ட எனக்குப் பொழுதும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. இது என் கூடப் பிறந்த தங்கச்சிக்கும் அவள் புருஷனுக்கும் நடந்தது. மாப்பிள்ளை என்னிடம் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். இரண்டு பேராகப் போனார்கள். இரண்டு பேராகத் திரும்பினார்களா என்பதுதான் விஷயம்.

மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். என் தங்கச்சியை வீட்டில் எல்லோரும் பாப்பா என்போம். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கும் அவள் பாப்பாதான். நாலு வருஷமாக எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று தினமும் ஒரு பாட்டம் புலம்புவாள். "சுத்துறதே எனக்குத் தொழில், லீவுலயும் சுத்தணுமா?" என்பார் அவர். கடைசியில் மனசு இறங்கி, கையிருப்புக்குத் தகுந்த மாதிரி ஓர் இடம் பிடித்தார். கரையிலிருந்து முக்கால் மணி நேரம் படகில் போனால் ஒரு குட்டித் தீவு. ரூம் போட வேண்டாம். போடவும் முடியாது, அங்கே ஒரு குடிசைகூடக் கிடையாது. காலையில் எல்லோரோடும் பங்குப் படகில் போய், சாயங்காலம் கடைசிப் படகில் திரும்பி, ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்வது என்று ஏற்பாடு. சாப்பாட்டுக்கு ரொட்டி, வாழைப்பழம், வீட்டிலிருந்தே தண்ணீர்.

"நாலு வருஷம் லேட்டானாலும் வண்டி வந்துச்சே, அது போதும்," என்றாளாம் பாப்பா.

போகும்போதே அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு வழி முழுக்கக் குனிந்தே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மண்ணில் கால் வைத்ததும் பழைய பாப்பா ஆகிவிட்டாள். ஒரு பக்கம் வெள்ளை மணல், மறுபக்கம் கறுப்புப் பாறை. கூரை விழுந்த மீன் உலர்த்தும் கொட்டகை ஒன்று. துருப்பிடித்த பூட்டோடு ஒரு கலங்கரை விளக்கம். நடுவில் தென்னைகளுக்கு இடையே ஒரு நல்லதண்ணீர்க் கிணறு. ஒன்று விடாமல் சுற்றினார்கள், ஒன்று விடாமல் அவள் போனில் படம் எடுத்தாள். பேச மட்டும் அங்கே போன் உதவாது. டவர் ஒரு கோடுகூட இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் மரத்தடியில் படுத்தாள். மாப்பிள்ளை மட்டும் பாறைப் பக்கம் போனார்.

"என்னங்க... இங்க வாங்களேன்."

பாறைக்கு அந்தப் புறத்திலிருந்து பாப்பாவின் குரல். இவள் எப்போது எழுந்து வந்தாள் என்று ஏறிப் பார்த்தார். யாருமில்லை. பாறையின் கீழே தண்ணீர், அதுவும் ஆழமான தண்ணீர். திரும்பி மரத்தடிக்கு ஓடினார். அவள் படுத்தது படுத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கூப்பிட்டியா?"

"நான் எங்க கூப்பிட்டேன்? தூக்கத்தைக் கெடுக்காதீங்க."

வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று அவர் அதை அத்தோடு விட்டுவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

சாயங்காலம் கடைசிப் படகு வந்து நின்றது. அதை விட்டால் மறுநாள் காலையில்தான். கூட்டம் நெருக்கியடித்தது. "நீங்க போய் இடம் பிடிங்க, முகத்தைக் கழுவிட்டு வந்துடறேன்," என்று பாப்பா கிணற்றுப் பக்கம் போனாள். மாப்பிள்ளை முண்டியடித்து ஏறி, பின்பலகையில் உட்கார்ந்து, பக்கத்தில் துண்டைப் போட்டார். தினமும் பஸ்ஸில் "துண்டை எடு, ஆள் வந்தா உட்காரட்டும்" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர், சாட்சாத் அவரேதான்.

படகுக்காரர், "எல்லாரும் ஏறியாச்சா பாருங்கப்பா," என்று பொதுவாகக் கேட்டார். கேட்டதுதான் தாமதம், மாப்பிள்ளைக்குள் இருந்த கண்டக்டர் எழுந்துவிட்டார். படகின் மூக்குவரை போய் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தார். காலையில் வந்தது இருபத்திரண்டு. இப்போதும் இருபத்திரண்டு. கடைசித் தலை அவர் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, பின்பலகையில் குனிந்து உட்கார்ந்திருந்தது.

"ஆள் சரி. போலாம் ரைட்," என்றார். படகே சிரித்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் வந்து உட்கார்ந்து, தோள்பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் சத்தமே இல்லை.

"மறுபடியும் குமட்டுதா?"

முக்காடு மெல்ல ஆடியது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது. சில்லென்று இருந்தது. முகம் கழுவின கைதானே என்று நினைத்தார்.

பாதிக் கடல் தாண்டியிருக்கும். நன்றாக இருட்டிவிட்டது. இன்ஜின் சத்தம் மட்டும்... டப் டப் டப்...

சட்டைப்பையில் போன் அடித்தது.

மணி 6:41. திரையில் 'பாப்பா' என்று இருந்தது.

இவள் விளையாடுகிறாளா? ஒரு கை அவர் கையில் இருக்கிறது. இன்னொரு கை துண்டைப் பிடித்திருக்கிறது.

எடுத்தார்.

"என்னங்க... எங்க இருக்கீங்க?"

பாப்பாவின் குரல். அதே இழுப்பு.

"என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே. கிணத்தடியில நிக்கிறேன்."

அவர் போனைக் காதோடு அமுக்கினார்.

"நீ... என் பக்கத்துலதான இருக்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அலைச் சத்தம்.

"அது நான் இல்லைங்க."

...

"அது முகத்தைப் பார்க்காதீங்க. பார்த்தா உங்களை விடாது."

அவர் திரும்பவில்லை.

"இருட்டா இருக்குங்க. சீக்கிரம் வாங்க."

அவர் கையைப் பிடித்திருந்த கை இறுகியது.

கரையின் விளக்கு தெரிந்தது. வந்துகொண்டே இருந்தது. வரவே இல்லை.

படகு தட்டி நின்றதும் குதித்தார். அந்தக் கையும் கூடவே வந்தது. படகுத்துறைப் படியில் ஏறினார். அதுவும் ஏறியது.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீ யாரு?" என்று கேட்டார்.

கை தளர்ந்தது.

உதறிவிட்டு ஓடினார்.

துறைக் கோடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த படகுக்காரரின் காலைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டியைத் தீவிலேயே விட்டுவிட்டேன் என்று கதறினார். பாவம், அந்த மனுஷன் மறு பேச்சுப் பேசாமல் இன்ஜினைத் தட்டினார். டார்ச்சோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். கிணற்றடி, கொட்டகை, கலங்கரை விளக்கம் என்று எல்லா இடமும் பார்த்தார்கள். குரல் போகும்வரை கூப்பிட்டார்கள். ஒரு காலடித் தடம்கூட இல்லை.

மறுநாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பிடித்து, "எங்கய்யா என் தங்கச்சி?" என்று உலுக்கினேன். அவர் போனை எடுத்து நீட்டினார். அழைப்பு இருந்தது. 6:41, பாப்பா. போலீஸ்காரரும் பார்த்தார். அப்படியென்றால் அவள் தீவில்தான் எங்கோ இருக்கிறாள் என்று எனக்கும் உயிர் வந்தது.

மாற்றுச் சட்டை எடுத்துக் கொடுக்கலாம் என்று அவருடைய தோள்பையைத் திறந்தேன். அடியில், பாப்பாவின் கைக்குட்டையில் சுற்றி, அவளுடைய போன் இருந்தது. தண்ணீர் தெறிக்கும் என்று அவளே உள்ளே போட்டிருக்கிறாள். சார்ஜ் செத்துக் கிடந்தது. துறைப் படிக்கு எதிரே இருந்த டீக்கடையில் செருகிப் பார்த்தோம். முந்தின நாள் முழுக்க அதிலிருந்து யாருக்கும் அழைப்பு போகவில்லை. மாப்பிள்ளைக்கு அந்த அழைப்பு வந்தபோது, இந்தப் போன் அவர் மடியிலேயே இருந்திருக்கிறது.

மாப்பிள்ளை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "என் பொண்டாட்டி குரல் எனக்குத் தெரியாதா மச்சான்?" என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டார். துறைக்குப் பக்கத்திலேயே ஒரு பொந்தில் தங்கிக்கொண்டு, தினமும் முதல் படகில் தீவுக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அவள் அங்கேதான் நிற்கிறாளாம். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குப் போனைச் சார்ஜிலிருந்து எடுக்கப் போனபோது, டீக்கடைக்கார அம்மா என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"முக்காடு போட்டிருந்த பொண்ணுதான உங்க தங்கச்சி?"

பாப்பாவின் படத்தைக் காட்டினேன். அந்த அம்மா தலையை ஆட்டினார்.

"இதேதான். நேத்து போட் திரும்பிப் போனப்போ இந்தப் படியிலதான் நின்னுச்சு. துண்டை வாயில அமுக்கிட்டு ஒரே அழுகை. என்னம்மான்னு கேட்டேன். 'என் வீட்டுக்காரர் என்னையே யாருன்னு கேட்டுட்டுப் போறாருக்கா'ன்னுச்சு."

"அப்புறம்?"

"தண்ணி கொடுக்கலாம்னு உள்ள வந்தேன். வெளியில ஆம்பளை குரல் கேட்டுச்சு. 'பாப்பா, கீழதான் நிக்கிறேன், இறங்கி வா'ன்னு. புருஷன் வந்துட்டாருன்னு நானும் அவசரப்படல. வெளிய வந்து பார்த்தா படியில யாரும் இல்லை."

அந்த அம்மா கடலைப் பார்த்தார்.

"போட் லைட் அப்ப தூரத்துல, தீவுக்கிட்ட தெரிஞ்சுது தம்பி."