நியூயார்க் ஆன்ட்டியின் ரங்கூன் பாட்டு

டொராண்டோவில் அம்மா வேலை பார்த்த பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் ஏதோ பெரிய மாநாடு. வரிசையில் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, கோப்பையை நீட்டிய ஒரு பெண்மணியின் முகத்தைப் பார்த்ததும் பாதித் தேநீரைத் தட்டில் ஊற்றிவிட்டு, பர்மிய மொழியில் என்னவோ கேட்டிருக்கிறாள். அவரும் பர்மிய மொழியிலேயே பதில் சொல்ல, வரிசை அப்படியே நின்றுபோய், மேலாளர் வந்து முறைத்தாராம். அன்று வீட்டுக்குள் நுழைந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "என்னங்க, ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு யார் சாப்பிட வர்றாங்க தெரியுமா?" என்றாள்.

அப்பாவுக்கே தெரியவில்லை, ஒன்பது வயது எனக்கு எங்கே தெரியும்! அம்மா பிறந்து வளர்ந்தது ரங்கூனில். அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, அங்கே தையல் கடை வைத்திருந்தார். வானொலியில் பாடிய ஒரு பெண்ணின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, தையல் மிஷினுக்கு மேலே ஒட்டியிருந்தாராம். அவள் பாட்டு வந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாராம். பிறகு அங்கே ராணுவ ஆட்சி வந்தது, கடை போயிற்று, குடும்பமே கப்பலேறி மெட்ராஸ் வந்து வியாசர்பாடியில் குடியேறியது. அந்தப் படத்துப் பெண்தான் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவர்; இப்போது நியூயார்க்கில், உலக நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அலுவலகத்தில் பெரிய அதிகாரி.

தாத்தா அப்போது வியாசர்பாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நாங்கள் அவருக்குக் கடிதம் எழுதுவதில்லை, கேசட்டில் பேசி அனுப்புவோம். டொராண்டோவின் வோபர்ன் பகுதியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும், வந்தவர் காப்பியை வாயில் வைக்குமுன் அப்பா டேப்ரெக்கார்டரை முன்னால் வைத்து, "ஊருக்கு ரெண்டு வார்த்தை பேசுங்க" என்பார். அது அவருக்கு உபசாரம். இந்தத் தடவை அம்மாவுக்கு வேறு ஆசை. ரங்கூன் பாட்டு ஒன்றை அதே குரலில் பதிந்து அனுப்பிவிட வேண்டும். "அப்பா கண்ணை மூடுறதுக்குள்ள அதைக் கேட்டுடணும்" என்று சொல்லிச் சொல்லி, இரண்டு நாள் சமையலில் இறங்கினாள். அத்தோ என்கிற பர்மாக்காரர் பலகாரம் செய்வதற்கு நூடுல்ஸ் கிடைக்காமல் ஸ்பகெட்டியை அவித்து, முட்டைக்கோஸும் புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் போட்டுப் பிசைந்தாள். வீடு முழுக்க வெங்காய வாசனை.

பாட்டுக்காரி என்றால் ஜரிகையும் பூவுமாக வருவார் என்று நான் ஜன்னலிலேயே நின்றேன். வந்தவர் சாம்பல் நிறக் கோட்டும் தோல் கைப்பையுமாக, எங்கள் பள்ளித் தலைமையாசிரியை மாதிரி இருந்தார். ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு! ஆனால் ஸ்பகெட்டி அத்தோவை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

நான் சும்மா இருப்பேனா? எனக்குத் தெரிந்த ஆங்கிலக் கேள்விகளையெல்லாம் கேட்டேன். நியூயார்க் ஆன்ட்டி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். வானொலி நிலையத்தில் மைக் எட்டாமல் மரப்பெட்டிமேல் ஏறி நின்று பாடியிருக்கிறார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன இடத்தில், ஊரில் ஆட்சி மாறிய செய்தி வந்திருக்கிறது. திரும்பிப் போகாமல், அந்த அலுவலகத்தில் டைப் அடிக்கச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். காய்ச்சல் பரவிய நாடுகளுக்கு மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது இப்போது அவர் வேலை. எந்த நாட்டு அரசும் அவருக்கு உத்தரவு போட முடியாது என்றார் அப்பா. அப்படியானால் தப்புப் பண்ணினால் யார் திட்டுவார்கள் என்று கேட்டேன். ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே அப்பா வழக்கம்போல டேப்ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்து, பொத்தானை அமுக்கினார். ஆன்ட்டியின் முகம் மாறிவிட்டது. டேப்ரெக்கார்டரை மெல்ல அப்பா பக்கமாகத் தள்ளிவைத்தார். அம்மா தாத்தாவைப் பற்றிச் சொல்லிக் கெஞ்சினாள். ஆன்ட்டி பர்மிய மொழியில், மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார்.

"நிறுத்துங்க அதை" என்றாள் அம்மா, அப்பாவிடம். "அந்தப் பாட்டை இப்ப அங்க ரேடியோவுல போட விடுறதில்லையாம். இவங்க அம்மா இன்னும் ரங்கூன்லதான் இருக்காங்க. டேப்பு கை மாறிக் கை மாறிப் போனா அவங்களுக்குத்தான் கஷ்டம்."

அப்பா பதறிப்போய்க் கேசட்டையே வெளியில் எடுத்து, அவர் கண்முன் மேஜையில் வைத்தார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. உலகத்துக்கே மருந்து அனுப்புகிறவர் ஒரு சின்னப் பெட்டிக்குப் பயப்படுகிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஆன்ட்டி எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் ஒரு வரி பாடினார். கோட்டுக்குள் இப்படி ஒரு குரலா! அப்படியே நின்றுவிட்டேன். அந்த வரியை அம்மாவைப் பாடச் சொன்னார். அம்மா வெட்கப்பட்டுப் பாடினாள். தப்பாக இருந்தது. திரும்பவும் சொல்லிக்கொடுத்தார். இப்படியே முழுப்பாட்டும் அம்மாவுக்கு வந்த பிறகுதான் டாக்ஸிக்குப் போன் செய்தார்.

அவர் போனதும் அம்மா டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பா, அந்தப் பாட்டுக்காரம்மா நம்ம வீட்டுக்கு வந்திருந்தாங்க. பாட்டைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே பாடினாள். மேலே போகிற இடத்தில் குரல் பிசிறியது. நடுவில் இரண்டு முறை இருமினாள். தாத்தா பாவம், இதைப் போய்க் கேட்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

பனி விழத் தொடங்கிய பிறகு பதில் கேசட் வந்தது. தாத்தா மூச்சு வாங்கப் பேசினார்.

"பாட்டுக் கேட்டேம்மா. அந்தப் பொண்ணு குரல் அப்படியே இருக்கு, கொஞ்சமும் மாறல. தினம் போடச் சொல்லிக் கேக்கறேன். ஆனா நடுவுல இருமுதே, அந்த ஊரு குளிரு ஒத்துக்கல போல. மிளகு தட்டிப் போட்டுச் சூடாப் பால் குடிக்கச் சொல்லு. மறக்காமச் சொல்லு."

"தாத்தா நல்லா ஏமாந்துட்டாரு!" என்று நான் குதித்தேன். அம்மா டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மட்டும் திரும்பக் கேட்டாள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்து மிளகு தட்டினாள்.

"அது அந்த ஆன்ட்டிக்குச் சொன்னதும்மா, உனக்கில்ல" என்றேன்.

"தெரியும், போடி" என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு டம்ளர் பாலையும் குடித்து முடித்தாள். நியூயார்க்கில் இருப்பவருக்குச் சொன்ன வைத்தியத்தை அம்மா ஏன் செய்துகொள்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.