பெட்ரோலில் தண்ணீர்

அந்தப் பழைய இரண்டு இருக்கை விமானத்தின் எஞ்சின், கிளம்பும் முன் தரையிலேயே இருமி இருமி நின்றுவிட்டது. விமான மெக்கானிக்கான நான் இறக்கையின் அடியில் இருந்த வால்வைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் பெட்ரோலைப் பிடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியிருந்தது. "பெட்ரோல் ஊத்தின ஆள் பண்ண வேலை இது" என்று விமானத்தின் சொந்தக்காரர் கத்தினார்.

எனக்கு ஆரணி நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் மொபெட்டுக்கு வைத்திருந்த பெட்ரோல் கேனைத் தட்டிவிட்டேன். அடிக்குப் பயந்து, கொட்டிய அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்தேன். மறுநாள் செய்யாறில் கம்பெனி வேலைக்கு அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கேனை டேங்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார்; வண்டி பாதி வழியில் நின்றது. வேலை வேறொருவருக்குப் போனது.

அப்பாவின் சிநேகிதர், மெக்கானிக் காதர் மாமா, முந்தின நாள்தான் வண்டியைச் சர்வீஸ் செய்து தந்திருந்தார். அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் கடைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"டேங்க்ல தண்ணி கீதுண்ணே" என்றார் மாமா.

"நீ வண்டி கழுவிகினு இருந்தப்ப உட்டுட்ட! என் பொழப்பே போச்சுடா!" என்றார் அப்பா.

அழுதுகொண்டிருந்த என் முகத்தை மாமா பார்த்தார். பிறகு, "என் தப்புதாண்ணே, மன்னிச்சிடுங்க" என்றார்.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. போன வருஷம் மாமா இறந்தபோதும் அப்பா போகவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

விமானத்தின் பெட்ரோல் மூடியைக் கழற்றினேன். ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

"அந்த ஆள் மேல தப்பில்ல சார்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.