அவசரக் கதிரும் அவசரப்படாத ஃபிலிமும்

1. மேனேஜரின் கால்

முருகையா அண்ணனின் நாய்க்குப் பெயர் மேனேஜர். தொழிற்சாலையில் இருந்த காலமெல்லாம் மேனேஜர்கள் சொன்னபடி ஓடியவர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு நாய்க்குட்டியை எடுத்து வந்து, "மேனேஜர், உட்காரு" என்று சொல்ல ஆரம்பித்தார். அது உட்காராதபோது, எல்லா மேனேஜரும் இப்படித்தான் என்று மன்னித்துவிடுவார்.

அந்த மேனேஜரின் வலது பின்னங்காலில், முட்டிக்குக் கீழே, எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய்க் கட்டி. கால்நடை மருத்துவர் பிரேமா வெள்ளிக்கிழமை அந்தக் காலையே வெட்டி எடுத்துவிடுவதாக முடிவு செய்திருந்தார். வேறு வழி இருந்தால் அதற்குள் பார்க்கச் சொன்னார். அந்த வேறு வழி நாங்கள். அன்று புதன்கிழமை.

நாங்கள் என்றால் பினாங்கில் ஒரு மருத்துவமனையின் கதிர்சிகிச்சைப் பிரிவு. எங்களிடம் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பதிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய லினாக் ஒன்று இருக்கிறது. லினாக் என்பது கதிர் அடிக்கும் இயந்திரம். அதன் உள்ளே சிலவற்றைக் கழற்றி, சிலவற்றை மாற்றி, அதிவேகக் கதிர் அடிக்கும்படி செய்திருந்தோம். வழக்கமாகச் சில நிமிடங்களில் கொடுக்கும் அளவை இது கண் இமைப்பதற்குள் கொடுத்துவிடும். இப்படி அடித்தால் கட்டிக்கு விழும் அடி அப்படியே விழுந்தாலும், பக்கத்தில் இருக்கும் நல்ல தோல் அவ்வளவாகப் பாதிக்கப்படாது என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. நம்பிக்கை என்றுதான் சொல்கிறேன். விலங்குகளுக்குக் கொடுக்க அனுமதி வாங்குவதற்குள் எனக்கு மிச்சம் இருந்த கறுப்பு முடியும் போய்விட்டது.

இதில் என் வேலை ஒரே வரி. எவ்வளவு கதிர் போகிறது என்று சொல்ல வேண்டும். குறைவாகப் போனால் கட்டி இருக்கும், கால் போகும். அதிகமாகப் போனால் தோல் வெந்து புண்ணாகி, அப்போதும் கால் போகும். காலைக் காப்பாற்றும் எண் இடையில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம்.

2. நாசி கண்டார் கடையும் அயன் சேம்பரும்

கதிரை அளப்பதற்கு எங்கள் தொழிலின் செல்லப்பிள்ளை அயன் சேம்பர். விரல் நுனி அளவுக்குக் காற்று அடைத்த ஒரு சின்ன அறை. கதிர் புகுந்தால் உள்ளே இருக்கும் காற்று பிளஸ், மைனஸ் என்று ஜோடி ஜோடியாக உடையும். இரண்டு பக்கமும் மின்சாரம் வைத்து அவற்றைப் பிரித்து இழுத்து எண்ணினால் கதிரின் அளவு தெரிந்துவிடும். இத்தனை வருடங்களில் மனைவியை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். சேம்பரை எதிர்த்துப் பேசியதில்லை.

ஆனால் அதிவேகக் கதிரில் அதற்கு மயக்கம் வந்துவிடும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் மதியம் நாசி கண்டார், அதாவது பல குழம்புகளைக் கலந்து ஊற்றிய சோறு, சாப்பிடப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தால் கல்லாவில் இருப்பவர் அத்தனை பேரையும் எண்ணிவிடுவார். ஒரே நொடியில் ஊரே வந்து நின்றால், வரிசையைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் ஜோடி ஜோடியாகத் திரும்பிப் போய்விடுவார்கள். கல்லாக்காரரைக் கேட்டால் இன்றைக்கு வியாபாரம் டல் என்பார். சேம்பரும் அப்படித்தான். உடைந்த பிளஸும் மைனஸும் எண்ணப்படுவதற்கு முன் மறுபடி சேர்ந்துகொள்ளும். கதிர் வெள்ளமாய்ப் பாயும்போது சேம்பர் தூறல் என்று சொல்லும். இதைச் சரிக்கட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. அது சாதாரணக் கூட்டத்துக்கு எழுதப்பட்டது, திருவிழாவுக்கு அல்ல.

அதனால் சேம்பரோடு ஃபிலிமும் வைப்போம். கதிர் பட்டால் கருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள் அது. மின்சாரம் கிடையாது, வரிசை கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று கல்லாவைக் கேட்காமல், கழுவப் போன தட்டுகளை எண்ணுவது போல. அதற்கு ஒரே ஒரு குணக்கேடு. கதிர் பட்டபின் மறுநாள் வரை மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு கருப்புக்கு எவ்வளவு கதிர் என்று நாங்கள் முன்பே தயாரித்து வைத்திருந்த கணக்கு, ஒரு நாள் ஆற வைத்த ஃபிலிமுக்கானது. உலகத்திலேயே வேகமான கதிரை அளக்க உலகத்திலேயே மெதுவான தாள்.

3. சும்மா ஒரு பார்வை

புதன்கிழமை காலை அளந்தோம். நாயின் காலுக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி, நடுவில் மூன்று ஃபிலிம் துண்டுகளைச் செருகிக் கதிர் அடித்தோம். பிறகு ஃபிலிமை எடுத்துவிட்டு அதே இடத்தில் சேம்பரை வைத்து மறுபடி அடித்தோம். லினாக்கைப் பிரித்து மேய்ந்த பொறியாளர் குமரேசன்தான் பட்டனை அழுத்தினார். இந்த வேகத்தில் இயந்திரத்தின் சொந்த அளவுமானியும் மயங்கிவிடுவதால், இத்தனை பல்ஸ் போனதும் நிறுத்து என்று எண்ணி நிறுத்தும் ஒரு பெட்டியை அவரே செய்திருந்தார். பல்ஸ் என்றால் கதிரின் ஒரு துடிப்பு. ஒரு பல்ஸில் எவ்வளவு போகிறது என்று நான் சொன்னால், எத்தனை பல்ஸ் வேண்டும் என்பது சாதாரண வகுத்தல்.

சேம்பர் ஒரு எண் சொன்னது. சூத்திரத்தில் போட்டுத் திருத்தினோம். எண்ணை வெள்ளைப் பலகையில் எழுதினேன். ஃபிலிமை நாளை பார்க்கலாம் என்று உறையில் போடப்போனபோது பிரிவுத் தலைவர் டாக்டர் கூ வந்தார். நல்ல மனிதர். பொறுமை என்பதை மட்டும் நோயாளிகளிடம் எதிர்பார்க்கும் குணமாக நினைப்பவர். கணக்கில் சேர்க்க வேண்டாம், சும்மா ஒரு பார்வை பார்க்கலாமே, அதில் என்ன கெட்டுவிடும் என்றார்.

ஃபிலிமை ஸ்கேனரில் வைத்துச் சும்மா பார்த்தோம். ஃபிலிம் சொன்ன எண்ணும் சேம்பர் சொன்ன எண்ணும் அச்சு அசலாக ஒன்று.

அறையில் ஒரு கல்யாணக் களை வந்துவிட்டது. டாக்டர் கூ என் தோளைத் தட்டினார். அவர் அதற்கு முன் தட்டியது நான் லிஃப்டில் வழியை மறைத்து நின்றபோது. இரண்டு கருவிகள் ஒத்துப்போய்விட்டன, நாயும் வந்தாயிற்று, மத்தியானமே முடித்துவிடலாம் என்றார்.

எனக்குள் மட்டும் ஒரு உறுத்தல். சூத்திரத்தில் திருத்திய பிறகும் சேம்பர் குறைத்துத்தான் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். குறைத்துச் சொல்பவனோடு ஒருவன் அப்படியே ஒத்துப்போகிறான் என்றால், அவனும் குறைத்துத்தான் சொல்கிறான். ஃபிலிம் இன்னும் கருத்து முடியவில்லை. நாளைக்குத்தான் அது வாயைத் திறக்கும் என்றேன்.

குமரேசன் சிரித்தார். "அண்ணே, பொண்ணும் மாப்பிள்ளையும் ஒத்துப்போயாச்சு. தாலியே கட்டியாச்சு. இப்பப் போயி ஜாதகம் பாக்கணும்ங்கறீங்களே."

4. பட்டினி

ஒத்திப்போடுவது எனக்கு ஒரு வார்த்தை. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. நாய்க்கு மயக்கமருந்து கொடுக்க வேண்டும் என்பதால் முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து அதற்குச் சாப்பாடு கிடையாது. அது பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் சாப்பிடுவதா என்று முருகையா அண்ணனும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து மருமகன் ஓட்டி வந்த காடியில், அதாவது காரில், இரண்டு பட்டினிகளும் வந்து இறங்கியிருந்தன.

மயக்கமருந்து கொடுக்க வந்திருந்த பிரேமாவிடம் சொன்னேன். கட்டியின் மேல் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கிறது, வெடித்தால் கதிரும் கொடுக்க முடியாது, ஒன்றும் முடியாது என்றார். "நாளைக்கும் நடக்கலைன்னா வெள்ளிக்கிழமை நான் வெட்டித்தான் ஆவணும்ணே. ஒரு நாள்ல அப்படி என்ன மாறிடும்?"

"தெரியலைம்மா. தெரியலைங்கறதுனாலதான் கேக்குறேன்."

டாக்டர் கூ முகம் சுளித்தார். நாளையும் அதே எண் வந்தால் மருத்துவரிடமும் நாயிடமும் நானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். நாயிடம் என்ன மொழியில் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

கடைசியில் முருகையா அண்ணனிடம் போனோம். அவர் வெளியே பெஞ்சில், மடியில் மேனேஜரின் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேம்பர், ஃபிலிம், நாசி கண்டார் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டினி கிடப்பவரிடம் நாசி கண்டார் உதாரணம் சொல்லக் கூடாது என்பது பாதியில்தான் உறைத்தது. அவர் முழுவதையும் கேட்டார்.

"தம்பி, ஒங்க நாயா இருந்தா என்னா செய்வீங்க?"

"எங்க வீட்ல பூனைண்ணே. அதுவா இருந்தாலும் நாளைக்குத்தான் செய்வேன்."

அவர் நாயைப் பார்த்தார். நாய் என்னைப் பார்த்தது. "அப்ப சரிலா. நாங்க ரெண்டு பேரும் போயி பசியாறிட்டு வர்றோம்," என்று எழுந்தார்.

அன்று முழுக்க ஸ்கேனர் அறைச் சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். யாராவது திருடிவிடுவார்கள் என்றல்ல. மறுபடியும் சும்மா ஒரு பார்வை பார்க்க எனக்கே கை துறுதுறுத்தது.

5. வியாழக்கிழமை

அதே மூன்று துண்டுகள், அதே ஸ்கேனர், அதே திசை. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு எண் வந்தது. முந்தைய நாளைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு அதிகம். மூன்று துண்டுகளும் ஒரே குரலில்.

ஒரு பல்ஸில் நாங்கள் நினைத்ததைவிட அதிகக் கதிர் போகிறது. அப்படியென்றால் நேற்றுப் போட்ட கணக்கில் இரண்டு பல்ஸ் கூடுதல். இரண்டு பல்ஸ் என்பது கைசொடுக்கில் ஒரு துளி நேரம். ஆனால் அந்தத் தோலுக்கு அது முடி உதிர்வதற்கும் ஆறாத புண்ணுக்கும் உள்ள தூரமாக இருந்திருக்கலாம். டாக்டர் கூ எண்ணை இரண்டு தடவை பார்த்தார். பலகையில் இருந்த பழைய எண்ணைத் தன் கையாலேயே அழித்தார். குமரேசன் பெட்டியில் இரண்டு பல்ஸைக் குறைத்தார்.

மேனேஜரைத் தூங்க வைத்து, காலைச் சரியான இடத்தில் பொருத்தி, தோலின் மேல் ஒரு ஃபிலிம் துண்டு ஒட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். குமரேசன் பட்டனை அழுத்தினார். கதவைத் திறந்தோம்.

"எப்பத் தம்பி ஆரம்பிப்பீங்க?" என்றார் முருகையா அண்ணன்.

"முடிஞ்சிருச்சுண்ணே."

கடையில் எடை குறைத்துக் கொடுத்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "இதுக்கா ரெண்டு நாளு பட்டினி போட்டீங்க?"

6. கார் நிறுத்துமிடத்தில்

தோலில் ஒட்டிய துண்டையும் ஒரு நாள் ஆற வைத்தே படித்தோம். கொடுக்க நினைத்ததைத்தான் கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை அறுவை மேசையைப் பிரேமா ஒரு பூனைக்குக் கொடுத்துவிட்டார். வாரங்கள் போகக் கட்டி சுருங்கி, தடவினால் மட்டும் தெரியும் அளவுக்கு வந்தது. அந்த இடத்தில் முடி உதிர்ந்து வெள்ளையாக முளைத்தது. தோல் முழுசாக இருந்தது. ஒரு நாயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லும்போது பல் தெரிந்ததாகக் குமரேசன் சொல்கிறார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். இரண்டு கருவிகள் சண்டை போட்டால் பயப்படாதீர்கள். எங்கே தவறு என்று அவையே காட்டிக்கொடுக்கும். முதல் தடவையே ஒத்துப்போனால்தான் கவனம் தேவை. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆற வேண்டியதை ஆற விடுங்கள். முக்கியமாக, சும்மா ஒரு பார்வை என்று எந்த எண்ணையும் பார்க்காதீர்கள். பார்த்த எண் பிடித்துப்போய்விட்டால் அதைக் கைவிட மனசு வராது.

பிரேமாவும் கூட இருக்கப் பரிசோதனைக்கு வந்த ஒரு நாள், மேனேஜர் கார் நிறுத்துமிடத்தில் நான்கு காலிலும் நடந்து, டாக்டர் கூவின் புதுக் காடியை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தது. பின் டயர் அருகே நின்று யோசித்தது. முருகையா அண்ணன், "மேனேஜர், வேணாம்லா, வேணாம்" என்று சங்கிலியை இழுப்பதற்குள் பின்னங்காலைத் தூக்கிவிட்டது. டாக்டர் கூ கையில் சாவியோடு பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

தூக்கியது எந்தக் கால் என்று கேட்டார். கதிர் பட்ட கால்தான் என்றேன். அவர் குனிந்து, டயரைப் பார்க்காமல், மேனேஜர் அந்தக் காலை முழு உயரத்துக்குத் தூக்கி, கடைசிச் சொட்டு வரை ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு பிரேமாவிடம் திரும்பி, இதையும் ரிப்போர்ட்டில் சேர்த்துவிடச் சொன்னார்.